விருப்பமான அம்பர் மலர் பெர்ஃப்யூமுக்கு மாற்றுத் தேடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெடுநாளாகத் தெளித்து வந்த ஒரு பெர்ஃப்யூம் திடீரென்று கடைகளில் கிடைக்காமல் போகிறது. அல்லது அதே பெயரில், அதே குப்பியில் வருகிறது, மணம் மட்டும் வேறாக இருக்கிறது. அல்லது விலை கைக்கெட்டாத உயரத்துக்குச் சென்றுவிடுகிறது. இந்த மூன்றில் ஒன்று நேர்ந்த பிறகுதான் பெரும்பாலோர் மாற்றுத் தேடத் தொடங்குகிறார்கள். பெண்களுக்கான பெர்ஃப்யூம்களில் அம்பர் மலர் என்று வகைப்படுத்தப்படுபவற்றுக்கு மாற்றுத் தேடுவது மற்ற வகைகளைவிடச் சற்றுக் கடினமானது. ஏனெனில் தெளித்தவுடன் எழும் மணத்துக்கும் ஐந்து மணி நேரம் கழித்து மிஞ்சும் மணத்துக்கும் இடையே அவற்றில் உள்ள தூரம் மிக அதிகம். எலுமிச்சை மணம் கொண்ட ஒரு கொலோனைத் தெளித்த சில நிமிடங்களிலேயே அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். அம்பர் மலர் வகையை அவ்வளவு விரைவில் எடைபோட முடியாது.

நான் பதினோரு ஆண்டுகள் ஒரே அம்பர் மலர் பெர்ஃப்யூமைப் பயன்படுத்தியவள். அதன் தயாரிப்பு நின்றுபோனதும், பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த மல்லிகை, ஆரஞ்சுப் பூ, வனிலா என்ற மூன்று சொற்களை மட்டும் நம்பி, அவை மூன்றும் உள்ளதாகச் சொல்லப்பட்ட வேறு மூன்று பெர்ஃப்யூம்களை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கினேன். மூன்றும் நல்ல பெர்ஃப்யூம்கள்தான்; ஆனால் ஒன்றுகூட நான் தேடியதன் பக்கத்தில் வரவில்லை. சில மாதங்கள் கழித்து, பீரோவில் மடித்து வைத்திருந்த கம்பளி ஷாலை எடுத்து உதறியபோது, அதன் மடிப்பிலிருந்து பழைய பெர்ஃப்யூமின் மிச்சம் எழுந்தது. அதில் மல்லிகையும் இல்லை, ஆரஞ்சுப் பூவும் இல்லை. சாம்பிராணிப் பிசினின் இனிப்பும், பதனிட்ட தோலின் லேசான வாடையும், பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருவது போன்ற உலர்ந்த மணமும்தான் இருந்தன. இத்தனை ஆண்டுகளும் நான் விரும்பியது அதைத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. தேடலை அடிமணத்திலிருந்து, அதாவது கடைசிவரை மிஞ்சி நிற்கும் மணத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி நடத்த வேண்டும் என்பதே நான் இங்கு சொல்ல வருவது. கீழே விளக்கியிருக்கும் படிகள் எல்லாம் அந்த ஷாலிலிருந்து நான் கற்றவை.

அம்பர் என்ற சொல்லின் பொருள்

தேடத் தொடங்கும் முன் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் இது மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. நகைகளில் பதிக்கும் மஞ்சள் நிற அம்பர், மிகப் பழங்காலத்து மரப்பிசின் இறுகிக் கல்போல் ஆனது. பெர்ஃப்யூம்களில் நாம் முகரும் அம்பர் மணம் அதிலிருந்து வருவதில்லை. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ் வேறொன்று. அதன் மணத்தில் உப்பும் கடற்காற்றும் கலந்திருக்கும். பெர்ஃப்யூம் துறையில் அம்பர் என்பது பெரும்பாலும் ஒரு கூட்டு மணத்தின் பெயர். மத்தியதரைக் கடலோரங்களில் வளரும் சிஸ்டஸ் புதரின் பிசினான லாப்டனம், ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசினான சாம்பிராணி, வனிலா, டோங்கா விதை ஆகியவை வெவ்வேறு விகிதங்களில் கலந்து அந்த மணத்தைத் தருகின்றன. லாப்டனம் கூடினால் பதனிட்ட தோலும் புகையும் சேர்ந்த கனம் கிடைக்கும். வனிலா கூடினால் தின்பண்டத்தின் இனிப்பு மேலெழும். டோங்கா கூடினால் காய்ந்த புல்லும் பாதாமும் போன்ற மென்மை வரும். ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு அம்பர்கள் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த வகை வேதியியலோடு சேர்ந்து வளர்ந்தது. டோங்கா விதையின் மணப்பொருளான கூமரின் 1868-இலும், வனிலாவின் மணப்பொருளான வனிலின் 1874-இலும் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டன. அவை தாராளமாகக் கிடைத்த பிறகுதான் 1925-இல் வந்த கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார் போன்ற அம்பர் பெர்ஃப்யூம்கள் சாத்தியமாயின. நெடுங்காலம் இந்தக் குடும்பத்துக்கு ஓரியண்டல் என்றே பெயர். மைக்கேல் எட்வர்ட்ஸின் வகைப்பாட்டு நூல் 2021-இல் அந்தப் பெயரைக் கைவிட்டு அம்பர் என்று மாற்றியது. ஆகவே பழைய விவரங்களில் ஃப்ளோரல் ஓரியண்டல் என்று காணப்படுவதும் இப்போது ஃப்ளோரல் அம்பர் என்று குறிக்கப்படுவதும் ஒன்றே. தேடும்போது இரண்டு பெயர்களையும் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் 2021-க்கு முந்தைய நல்ல பெர்ஃப்யூம்கள் பல கண்ணில் படாமலே போகும்.

முதல் படி: உங்களிடம் இருப்பதை எழுதிப் பதிவுசெய்தல்

குப்பியில் சில துளிகளாவது மிச்சம் இருந்தால் அவற்றைத் தெளித்துத் தீர்த்துவிட வேண்டாம். அந்தத் துளிகளே உங்கள் அளவுகோல். ஓய்வான ஒரு நாளில், உணவின் மணமோ சோப்பின் மணமோ இல்லாத அறையில், தடித்த வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்றிலும், முன்கையின் உட்புறத்திலும், சிறு பருத்தித் துணித்துண்டு ஒன்றிலும் ஒவ்வொரு முறை தெளியுங்கள். தெளித்தவுடன், இருபது நிமிடம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து, ஐந்து மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என ஐந்து முறை மூன்றையும் முகர்ந்து, தோன்றுவதை அப்படியே எழுதுங்கள். பெர்ஃப்யூம் துறையின் சொற்கள் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈரமா உலர்வா, கனமா லேசா, இனிப்பா கசப்பா, வெதுவெதுப்பா குளிர்ச்சியா, பவுடர் போன்றதா பிசுபிசுப்பானதா என்ற கேள்விகளுக்கு விடை எழுதினாலே போதுமானது.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பதிவைக் காட்டுகிறேன். இருபதாவது நிமிடத்தில், பழுத்து வாடத் தொடங்கிய மல்லிகை, கொஞ்சம் வாழைப்பழத்தோல் என்று எழுதியிருந்தேன். இரண்டாவது மணி நேரத்தில், பூ விலகிவிட்டது, சூடான பவுடர் என்றிருந்தது. ஐந்தாவது மணி நேரத்தில், இனிப்பு குறைந்துவிட்டது, பிசின், லேசான கசப்பு, இது பிடிக்கிறது என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். அந்த அடிக்கோடு எங்கே விழுகிறது என்பதைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும். இருபதாவது நிமிடத்தில் விழுந்தால் உங்களுக்குத் தேவை அதே பூ. ஐந்தாவது மணி நேரத்திலோ மறுநாள் காலையிலோ விழுந்தால் உங்களுக்குத் தேவை அதே பிசின், பூ மாறினாலும் பெரிதாக உறுத்தாது. பெரும்பாலானவர்கள் பூவைத்தான் விரும்புவதாக எண்ணிக்கொண்டு தேடத் தொடங்குகிறார்கள்.

குப்பி முழுவதும் தீர்ந்துவிட்டிருந்தாலும் வழி இருக்கிறது. மூடியின் உட்புறம், தெளிப்பானின் கழுத்து, வெறும் பெட்டியின் அட்டை, அதைத் தெளித்துக்கொண்டு உடுத்திய கம்பளி அல்லது பட்டு ஆகியவற்றில் அடிமணம் நெடுநாள் தங்கியிருக்கும். வனிலினும் லாப்டனமும் எளிதில் ஆவியாகாதவை. காகிதத்தில்கூட அவை வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் பழைய குப்பியை முகரும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்த பெர்ஃப்யூமின் தொடக்க மணம் கெட்டிருக்கக்கூடும். தெளித்தவுடன் வார்னிஷ் போன்ற நெடி அடித்தால் அது அந்தப் பெர்ஃப்யூமின் இயல்பு என்று கொள்ளக்கூடாது. திரவம் தேன் நிறத்துக்கோ அதைவிடக் கருமையாகவோ மாறியிருப்பது பெரும்பாலும் வனிலின் நிறம் மாறியதால் வருவது. அதனால் மட்டும் பெர்ஃப்யூம் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை.

இரண்டாம் படி: எந்தக் கிளை என்று கண்டுபிடித்தல்

அம்பர் மலர் என்ற பெயருக்குள் பல கிளைகள் இருக்கின்றன. அவற்றில் உங்களுடையது எது என்று தெரிந்தால் தேடும் பரப்பு பாதிக்கு மேல் குறைந்துவிடும். மல்லிகை, நிலச்சம்பங்கி, ஆரஞ்சுப் பூ போன்ற வெள்ளைப் பூக்கள் உரக்கப் பேசும் கிளை முதலாவது. தியரி மூக்ளேரின் ஏலியன், 2005-இல் வந்தது, இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: குண்டு மல்லிகை, காஷ்மெரான் என்ற மரமணச் சேர்மம், வெள்ளை அம்பர் என்று மூன்றே தூண்களின் மேல் அது நிற்கிறது. கரோலினா ஹெரேராவின் குட் கேர்ள், 2016-இல் வந்தது, நிலச்சம்பங்கியோடும் மல்லிகையோடும் டோங்காவையும் கோகோவையும் சேர்க்கிறது. இரண்டும் ஒரே கிளைதான் என்றாலும், முன்னதை விரும்புகிறவருக்குப் பின்னது தின்பண்டத்தின் பக்கம் சாய்ந்ததாகத் தோன்றும்.

பவுடர் மணம் கொண்ட கிளை இன்னொன்று. ஹீலியோட்ரோப், ஐரிஸ் வேர், வயலெட், கார்னேஷன் ஆகியவை இதில் பூவின் இடத்தைப் பிடிக்கின்றன; 1912-இல் வந்த கெர்லானின் லெர் ப்ளூ இதன் மூத்த உறவு. கிராம்பும் இலவங்கப்பட்டையும் மிகுந்த காரமான கிளைக்கு 1977-இல் வந்த இவ் சான் லோரானின் ஓப்பியமும், 1984-இல் வந்த ஷனேலின் கோகோவும் அறியப்பட்ட முன்னோடிகள். இனிப்பு மேலோங்கிய கிளையின் வரலாறு 1992-இல் வந்த தியரி மூக்ளேரின் ஏஞ்சலிலிருந்து வேகமெடுக்கிறது. சர்க்கரையை உருக்கினாற்போல் மணக்கும் எத்தில் மால்டாலையும் பச்சௌலியையும் எதிரெதிராக நிறுத்திய அந்த முயற்சியின் தாக்கம் இன்றுவரை தொடர்கிறது; 2014-இல் வந்த பிளாக் ஓப்பியத்தைக் காப்பியும் வனிலாவும் கொண்டு இந்தக் கிளையில் சேர்க்கலாம். பச்சௌலி என்ற சொல்லே நம் பச்சிலை என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக, கனமே இல்லாததுபோல் தோன்றி அறை முழுவதும் பரவும் மெல்லிய அம்பர். மேசான் ஃபிரான்சிஸ் குர்க்ஜானின் பக்காரா ரூழ் 540, 2015-இல் இதற்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. குங்குமப்பூ, மல்லிகை, சீடர் மரம் ஆகியவற்றோடு இது உருகிய சர்க்கரையின் சாயலைச் சேர்க்கிறது.

உங்கள் குறிப்பேட்டின் இரண்டாம் மணி நேரப் பதிவை இந்தக் கிளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூ உரக்க இருக்கிறதா, பவுடரா, காரமா, இனிப்பா, மெல்லிய மரமா என்பதற்கு அங்கே பெரும்பாலும் விடை கிடைக்கும். இரண்டு கிளைகளுக்கு நடுவே நிற்பவையும் உண்டு. அப்படியானால் இரண்டிலிருந்தும் மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெட்டியின் பொருட்பட்டியலைப் படித்தல்

விளம்பரத்தில் வரும் பூக்களின் பட்டியல் ஒரு கற்பனைச் சித்திரம். சட்டப்படி அச்சிடப்பட்ட பொருட்பட்டியல் அதைவிட நம்பகமானது. ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய மணப்பொருள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவற்றின் பெயரை வெளியிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தோலில் தங்கும் பொருள்களுக்கு அந்த அளவு 0.001 சதவிகிதம். முதலில் 26 பொருள்கள் இருந்த அந்தப் பட்டியலை 2023-இல் வந்த ஒழுங்குமுறை 80-க்கும் மேலாக விரிவாக்கியது. வனிலினும் பச்சௌலி எண்ணெயும் அதில் இடம் பெற்றிருப்பது அம்பர் தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருள்கள் 2026 ஜூலை 31 முதலும், ஏற்கெனவே சந்தையில் உள்ளவை 2028 ஜூலை 31 முதலும் அதற்கு உட்பட வேண்டும் என்பதால், இனி பெட்டிகளில் நீளமான பட்டியல்களைக் காண்போம்.

இந்தப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவ்வளவு கடினமில்லை. கூமரின் இருந்தால் டோங்காவின் மென்மையை எதிர்பார்க்கலாம். யூஜெனால் கிராம்பின் மணம்; கார்னேஷன் பூவின் காரமும் அதிலிருந்தே வருகிறது. ஆல்ஃபா-ஐசோமெத்தில் ஐயனோன் வயலெட், ஐரிஸ் ஆகியவற்றின் பவுடர்த் தன்மையைத் தருவது. பென்சைல் சாலிசிலேட் வெள்ளைப் பூக்களுக்கு உடல் சேர்க்கும். லினலூலும் லிமோனீனும் ஏறக்குறைய எல்லாப் பெர்ஃப்யூம்களிலும் இருப்பதால் அவற்றிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. உங்கள் பழைய பெட்டியில் கூமரினும் யூஜெனாலும் இருந்து, மாற்று என்று சொல்லப்படுவதில் இரண்டுமே இல்லை என்றால், அடிமணம் ஒத்துப்போகும் வாய்ப்பு குறைவு என்று முன்கூட்டியே அறியலாம். இந்தப் பட்டியல் முழுச் சூத்திரம் ஆகாது, அளவுகளையும் அது சொல்லாது; பொருந்தாதவற்றைக் கழித்துக்கட்டவே அது பயன்படும்.

பழைய பெர்ஃப்யூம் அதே பெயரில் வந்தும் மணம் மாறியிருந்தால், பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் அருகருகே வைத்து இந்தப் பட்டியல்களை ஒப்பிடுங்கள். பூ மணங்களுக்குப் பரவலாகப் பயன்பட்ட லிலியால் என்ற சேர்மம் 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே, 2021-இல், லைரல் என்ற இன்னொன்றும் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. இவை இரண்டும் இருந்த பெர்ஃப்யூம்களை நிறுவனங்கள் மாற்றியமைக்க நேர்ந்தது. மாற்றம் பூவின் பகுதியில்தான் நடந்திருக்கிறது, அடிமணம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்தால், புதிய பதிப்பையே ஒரு நாள் முழுவதும் அணிந்து பார்ப்பது நல்லது. முதல் அரை மணி நேரத்தில் ஏமாற்றம் தரும் புதிய பதிப்பு, மாலையில் பழைய தோழியாகத் திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன்.

நான்காம் படி: பட்டியல் தயாரித்தல்

இனி எங்கே தேடுவது என்ற கேள்வி. முதலில் அதே நிறுவனத்தின் அதே பெயர் வரிசையைப் பாருங்கள். ஒரு பெர்ஃப்யூம் வெற்றி பெற்றால் அதன் பெயரோடு இன்டென்ஸ், எக்ஸ்ட்ரீம், லெஜேர் போன்ற சொற்களைச் சேர்த்து மேலும் சில வெளிவரும். இவற்றை ஃபிளாங்கர் என்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தும் மணம் முற்றிலும் வேறாக இருப்பது இவற்றில் சாதாரணம் என்றாலும், அடிமணத்தைப் பகிர்ந்துகொள்பவையும் உண்டு. ஓ டி டாய்லெட், ஓ டி பெர்ஃப்யூம், பெர்ஃப்யூம் என்ற பிரிவுகள் அடர்த்தியை மட்டும் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். வழக்கில் முதலாவது 5 முதல் 15 சதவிகிதம், இரண்டாவது 15 முதல் 20, மூன்றாவது அதற்கும் மேல் என்று சொல்லப்பட்டாலும், பல சமயங்களில் சூத்திரமே வேறாக இருக்கும். அம்பரை விரும்புகிறவர்களுக்கு அடர்த்தி கூடிய பதிப்பில் பிசின் பகுதி முன்னால் வருவது பெரும்பாலும் வாய்ப்பாகவே அமையும்.

அடுத்து, பெர்ஃப்யூமை உருவாக்கிய கலைஞரின் பெயரைத் தேடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் வழி இது. ஏலியனை லோரான் புரூயேரோடு சேர்ந்து உருவாக்கிய தொமினிக் ரோபியோன், 2004-இல் வந்த டியோரின் ப்யூர் பாய்சனிலும் பங்காற்றியவர். 1998-இல் ஹிப்னாடிக் பாய்சனை உருவாக்கிய அன்னிக் மெனார்டோவின் மற்ற படைப்புகளிலும் அந்தப் பாதாமும் வனிலாவும் கலந்த கைமணத்தைக் காணலாம். ஒரு கலைஞருக்குப் பிடித்த பிசின் கலவை, வெவ்வேறு நிறுவனங்களுக்காக அவர் செய்தவற்றிலும் தலைகாட்டும். அதே காலத்தில் வந்தவற்றைத் தேடுவதும் பலன் தரும்: 1977-இன் ஓப்பியத்துக்கும், அடுத்த ஆண்டே வந்த எஸ்டி லாடரின் சின்னபாருக்கும் உள்ள நெருக்கத்தை முகர்ந்தவர்கள் அறிவார்கள். ஒரு மணம் புகழ் பெற்றதும் அதன் உறவுகள் பிறப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம்.

மூன்றாவதாக, டூப் அல்லது க்ளோன் என்று அழைக்கப்படுபவை. லத்தாஃபா, அர்மாஃப், மேசான் அல்ஹம்பரா போன்ற ஐக்கிய அரபு அமீரக நிறுவனங்களின் தயாரிப்புகள் பலவும் புகழ்பெற்ற பெர்ஃப்யூம்களின் சாயலில் பேசப்படுகின்றன; 2018-இல் வந்த அரியானா கிராண்டேயின் கிளவுட், பக்காரா ரூழ் 540-உடன் பரவலாக ஒப்பிடப்படுவது. இவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடக்கூடாது. சொந்தப் பெயரில், சொந்தக் குப்பியில், ஒத்த மணத்தை விற்பது ஒன்று. இன்னொரு நிறுவனத்தின் பெயரையும் குப்பியையும் திருடி விற்பது வேறு. மணத்துக்கே பதிப்புரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்கள்கூட ஒருமித்துப் பேசவில்லை: 2006 ஜூனில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லான்கோமின் த்ரெஸோர் மணத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்றது, அதே மாதத்தில் பிரான்சின் உயர்ந்த நீதிமன்றம் வேறொரு வழக்கில் மணத்துக்கு அந்த உரிமை இல்லை என்றது. க்ளோன்களில் ஒரு குறை அடிக்கடி தெரியும். தெளித்தவுடன் எழும் மேல்மணத்தையும் அடுத்து வரும் நடுமணத்தையும் நெருக்கமாகக் கொண்டுவருவார்கள். விலை கூடிய லாப்டனமும் இயற்கைப் பிசின்களும் தேவைப்படும் அடிமணத்தில் வனிலினையும் மஸ்க் எனப்படும் கஸ்தூரி மணச் சேர்மங்களையும் கொண்டு நிரப்பிவிடுவார்கள். கடையில் முகரும்போது இரண்டும் ஒன்றே என்று தோன்றி, இரவில் ஏமாற்றம் தருவதற்கு இதுவே காரணம்.

ஆறு பெயர்களுக்கு மேல் பட்டியல் நீள வேண்டாம்.

ஐந்தாம் படி: முகர்ந்து பார்த்தல்

முழுக் குப்பி வாங்கும் முன் ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டர் மாதிரி வாங்குவதில் தயங்க வேண்டாம். ஒரு நாளில் இரண்டு மாதிரிகள், மிஞ்சினால் மூன்று, அதற்கு மேல் மூக்கு பயன்படாது. நடுவில் காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு புத்துணர்ச்சி பெறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது வெறும் காற்றைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. வெளியே சென்று சில நிமிடங்கள் நின்றுவிட்டு வருவதே போதும்.

காகிதப் பட்டையில் முதல் சுற்றை நடத்துங்கள். தெளித்ததும் பட்டையின் ஓரத்தில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, முதல் பத்து நிமிடங்கள் அதை முகராமல் ஒதுக்கி வையுங்கள். இந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் அடிமணத்திலிருந்து தேடும் முறையின் முக்கியப் பயிற்சி. ஆல்கஹாலும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணமும் தரும் முதல் பளிச்சிடல் நம் தீர்ப்பை அவ்வளவு எளிதாகக் குலைத்துவிடுகிறது. நான்காவது மணி நேரத்தில் எந்தப் பட்டை உங்கள் பழைய குறிப்புக்கு நெருக்கமாக இருக்கிறதோ, அது மட்டும் தோலுக்குப் போகட்டும். மறுநாள் இடது முன்கையில் பழையதையும் வலது முன்கையில் புதியதையும் ஒரே நேரத்தில் தெளித்து, இரவு வரை பாருங்கள். தோல் மிகவும் உலர்ந்திருந்தால் மணம் விரைவில் மங்கும். மணமற்ற லோஷனை முதலில் தடவிக்கொள்வது உதவும். இதற்கு முன் பயன்படுத்தாத பெர்ஃப்யூம் என்றால், முழங்கை மடிப்பில் சிறிதளவு தடவி ஒரு நாள் பார்த்த பிறகே தாராளமாகத் தெளிக்க வேண்டும். கிராம்பு, இலவங்கப்பட்டை மிகுந்தவற்றுக்கு இது இன்னும் அவசியம்.

இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று தோன்றும் நிலையில், உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஓர் எளிய முறை உண்டு. வீட்டில் ஒருவரிடம் மூன்று பட்டைகளைக் கொடுத்து, இரண்டில் ஒரு பெர்ஃப்யூமையும் மூன்றாவதில் மற்றதையும் தெளித்து, எது எது என்று சொல்லாமல் எண்கள் மட்டும் இடச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் கழித்து மூன்றையும் முகர்ந்து, வேறுபட்டு நிற்பது எது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். உணவுப் பொருள்களின் சுவையைச் சோதிப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முக்கோணச் சோதனை இது. இரண்டு மூன்று நாள் செய்து பார்த்தும் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், உங்கள் மூக்குக்கு மாற்றுக் கிடைத்துவிட்டது. எனக்கு இந்தச் சோதனை நடந்தபோது, முதல் இரண்டு நாளும் பிழையின்றிக் கண்டுபிடித்தேன். புதியதில் பிசினின் கசப்பு ஒரு படி குறைந்திருந்தது. அதைப் பெயர் சொல்லிச் சுட்ட முடிந்ததே தேடலை அடுத்த பெர்ஃப்யூமுக்கு நகர்த்தியது.

ஒன்றை மறக்கக்கூடாது. பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட மஸ்க் சேர்மங்களில் சில, ஒரு சிலருக்கு முற்றிலும் மணப்பதே இல்லை. அம்பர்கிரிஸின் சாயலைத் தரும் அம்பராக்சான் போன்ற சேர்மங்களின் மணத்துக்கு மூக்கு விரைவில் பழகி அதை உணர்வதை நிறுத்திவிடும். உங்கள் கையில் மணம் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாகவே தெரியலாம். ஆகவே நிற்கும் நேரத்தைப் பற்றிய தீர்ப்பை இன்னொருவரிடம் கேட்டே எழுதுங்கள். மேலும் மேலும் தெளிக்க வேண்டாம்.

நெருங்கி வந்து நின்றுவிட்டால்

பல தேடல்கள் இந்த இடத்தில்தான் முடிகின்றன: பூ சரியாக இருக்கிறது, அடிமணம் மெலிந்திருக்கிறது. அப்போது இரண்டை அடுக்கித் தெளிப்பது நல்ல வழி. லாப்டனமும் சாம்பிராணியும் வனிலாவும் மட்டும் கொண்ட எளிய அம்பர் எண்ணெய் ஒன்றை முதலில் மணிக்கட்டில் ஒரு துளி தடவி, ஐந்து நிமிடம் கழித்து அதன்மேல் மாற்றுப் பெர்ஃப்யூமை ஒரு முறை தெளியுங்கள். கனமானது அடியில், லேசானது மேலே என்பதே வரிசை. குறைவது பவுடர்த் தன்மை என்றால் ஐரிஸ் மணம் கொண்ட லோஷனும், குறைவது காரம் என்றால் கிராம்பு சேர்ந்த எண்ணெயில் மிகச் சிறிதளவும் போதும். என் தேடல் இப்படித்தான் முடிந்தது. ஒரே குப்பியில் கிடைக்காதது இரண்டு குப்பிகளில் கிடைத்தது. ஆனால் வெளிர் நிறத் துணியின்மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம்; வனிலின் மிகுந்தவை துணியில் பழுப்புக் கறையாகப் படியும்.

வாங்குவதும் பாதுகாப்பதும்

தேர்ந்தெடுத்ததைக் கிடைக்கும் சிறிய அளவிலேயே வாங்குங்கள். பெட்டியின் அடியிலும் குப்பியின் அடியிலும் உள்ள தொகுப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டாலோ, குப்பியில் எண்ணே இல்லாவிட்டாலோ, விலை நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தாலோ வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது. க்ளோன் வகையில் புதிதாக வந்த குப்பி முதல் சில நாள் ஆல்கஹால் நெடியோடு கரடுமுரடாக மணந்தால், நாலைந்து முறை தெளித்துவிட்டு, மூடி, இருட்டில் மூன்று வாரம் வைத்த பிறகு மறுபடி முகர்ந்து பாருங்கள்.

பழைய குப்பியில் மிஞ்சிய கடைசி மில்லிலிட்டரைச் சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றில், காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, காகிதத்தில் சுற்றி, வெயிலும் வெப்பமும் படாத இழுப்பறையில் வையுங்கள். குளியலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமில்லை. அடுத்த முறை மாற்றுப் பெர்ஃப்யூமின் புதிய குப்பி வாங்கும்போது, அதில் ஏதேனும் மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்று அறிய, இந்தக் குப்பியிலிருந்து ஒரு துளியைக் காகிதப் பட்டையில் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து, நான்கு மணி நேரம் காத்திருந்து முகர்ந்து பாருங்கள்.